காலையில் தால்முத், மதியம் கால்குலஸ்: மூன்று யூதப் பள்ளிகள்

ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் யூதப் பள்ளி என்றால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரே நாளுக்குள் யூதர்களின் வேதமான தோராவையும் இயற்பியலையும் திணிக்க வேண்டும், அதனால் பள்ளி விட மாலை ஐந்துகூட ஆகிவிடும், இந்தச் சிக்கல் பொதுவானது. எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

1927இல் புரூக்ளினில் தொடங்கிய யெஷிவா ஆஃப் ஃபிளாட்புஷ் பிடித்துக்கொண்டது மொழியை. சமயப் பாடத்தை ஹீப்ருவிலேயே நடத்துவதுதான் அதன் அடையாளம். மூலத்தை நேராகப் படிக்க இதைவிட நல்ல வழி கிடையாது, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பெரிதாகத் தோன்றுகிற கேள்வி, ஹீப்ருவில் கேட்க வாயெடுக்கும்போது சிறுத்துப்போகும். நோபல் பரிசு பெற்ற எரிக் காண்டெல், பரூக் புளும்பெர்க் இருவரும் சிறுவயதில் இங்கே படித்தவர்கள்தான். (உயர்நிலைக்கு இருவரும் அரசுப் பள்ளிக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

பாஸ்டன் பக்கத்து மைமோனிடிஸ் பள்ளியின் கதை வேறு. 1937இல் இதைத் தொடங்கிய ரப்பி (யூத மதகுரு) ஜோசப் சோலவெய்ச்சிக், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முத்தில் புலமைக்குப் பேர்போன பிரிஸ்க் குடும்பத்தில் வந்தவர், பெர்லினில் தத்துவத்தில் முனைவர் பட்டமும் வாங்கியவர். தால்முத் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்த காலத்தில் பெண்பிள்ளைகளையும் அதே பாடத்துக்கு உட்கார வைத்தார். வேறு யாராவது செய்திருந்தால் வைதீக யூதர்கள் சும்மா விட்டிருப்பார்களா? காலையில் ஒரு சட்ட வாதத்தை வரிவரியாக உடைத்துப் பார்த்த பெண், மதியம் ஜியோமெட்ரி நிரூபணத்தில் அதே வேலையைத்தான் செய்கிறாள். இரண்டு படிப்பும் ஒன்றையொன்று தொடுகிற இடம் அதுதான். பாட அட்டவணையில் "ஒருங்கிணைப்பு" என்று ஒரு வகுப்பைப் போட்டு இதைக் கொண்டுவர முடியாது.

லண்டனின் ஜே.எஃப்.எஸ். (ஜூஸ் ஃப்ரீ ஸ்கூல்) 1732இலேயே தொடங்கியது, இப்போது சுமார் இரண்டாயிரம் மாணவர்கள். அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் கட்டணம் இல்லை. யூதப் பாடத்துக்கும் பாதுகாப்புக்கும் பெற்றோரிடம் நன்கொடை கேட்பார்கள், கட்டாயம் இல்லை. சரி, அரசுப் பணம் வந்தால் அரசின் சட்டமும் கூடவே வருமே? தாய் யூதரா என்று பார்த்து இடம் கொடுப்பது இனப் பாகுபாடு என்று 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் தொழுகைக்கு வருவது போன்ற சமய நடைமுறைகளைக் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. யார் யூதர் என்று காலங்காலமாக மரபு சொல்லிவந்த பதிலைப் பள்ளிச் சேர்க்கையில் பயன்படுத்த முடியாமல் போனது.

படிப்பை மட்டும் பார்த்தால் என் ஓட்டு மைமோனிடிஸுக்குத்தான். ஆனால் அமெரிக்காவில் இத்தகைய பள்ளிகளின் செலவில் பெரும்பகுதி பெற்றோர் தலையில்தான் விழுகிறது, மன்ஹாட்டன் போன்ற இடங்களில் உயர்நிலை வகுப்புக்கு ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும். உதவித்தொகை உண்டு, அதற்கு வீட்டு வரவுசெலவு முழுவதையும் எடுத்துக் காட்ட வேண்டும். மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தால்முத்தைப் பற்றிய பேச்சு கட்டண ரசீதைப் பார்த்த பிறகுதான் தொடங்கும்.