தோட்டா நிரப்பும் அளவுப் புத்தகம் வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு

என் தம்பி கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டுச் சுடும் விளையாட்டுக்குப் போவான். சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வீட்டு நிலக்கீழ் அறையில் வெடிமருந்தும் சன்னமும் (சிறு குண்டுகள்) போட்டுத் தானே மறுபடி நிரப்புவான். அங்கே அது சட்டப்படியான, பலர் செய்யும் வேலை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்புக்கு வருகிறான் என்றதும், அவனுக்குப் பிடித்ததாக ஏதாவது கொடுக்க நினைத்தேன்.

அந்த நேரம்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். "எல்லா மருந்துக்கும் எல்லா அளவும் ஒரே புத்தகத்தில்." 8,500 ரூபா. வங்கிக் கணக்கில் காசைப் போட்டேன். மறுநாளே மோட்டார் சைக்கிளில் ஒருவர் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து தந்தார். நீல அட்டை, சுருள் கம்பிக் கட்டு, வழவழப்பான தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி அதைப் புரட்டினான். இரண்டு மூன்று பக்கம் போனதும் அவன் முகம் மாறியது.

"அண்ணா, இதை ஆர் உங்களுக்குத் தந்தது? இதைப் பார்த்து ஒருத்தன் நிரப்பினால் துவக்குக் குழாய் முகத்துக்கு முன்னால வெடிக்கும்."

அவன் விரல் வைத்துக் காட்டிய இடம் இது. 12 போர் (துவக்குக் குழாயின் ஒரு அளவு) தோட்டாப் பெட்டிகளில் "3 டிராம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிராம் ஒரு பழைய எடை அளவு, ஆனால் இங்கே அது உள்ளே இருக்கும் மருந்தின் எடை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்தபோது, பழைய கறுப்பு மருந்துக்குப் பழகியிருந்தவர்களுக்கு வேகத்தை விளங்கவைக்க வந்த கணக்கு அது. ஒரு அவுன்சும் எட்டில் ஒரு பங்கும் சன்னம் போட்ட தோட்டாவில் 3 டிராம் என்றால், செக்கனுக்கு 1,200 அடி வேகம் என்று பொருள். 3 டிராம் கறுப்பு மருந்து தரும் வேகத்துக்கு ஈடானது, அவ்வளவுதான்.

இந்தப் புத்தகத்தைத் தயாரித்தவர் ஒரு டிராமுக்கு 27.3 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அளவு) என்று பெருக்கி, "82 கிரெயின்" என்று ஒரு புதுப் பத்தியையே சேர்த்திருக்கிறார், அதுவும் புகையில்லா மருந்துக்கான அட்டவணையில். உண்மையில் அந்த வேகத்துக்குத் தேவைப்படும் புகையில்லா மருந்து ஏறத்தாழ அதன் கால்வாசிதான். இரண்டே முக்கால் அங்குல 12 போர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரப்படி உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 இறாத்தல். 82 கிரெயின் போட்டால் எந்தக் குழாயும் தாங்காது என்றான் தம்பி. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவன் விஷயம் தெரிந்தவன், அதனால் தப்பியது. புதிதாகத் தொடங்கும் ஒரு பிள்ளையிடம் இதைக் கொடுத்திருந்தால்?

மற்றப் பிழைகளையும் அவனே காட்டினான். எந்தக் கோது, எந்த பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), எந்த வாட் (மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு) என்ற விவரம் ஒரு பக்கத்திலும் இல்லை. மருந்தும் சன்னமும் மட்டும். வின்செஸ்டர் ஏஏ கோதின் உட்சுவர் அடியை நோக்கி ஒடுங்கும், செடைட் கோது நேர்ச்சுவர். வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே கொள்ளளவு வேறு. பிரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் ஆயிரம் இறாத்தலுக்கு மேல் ஏறலாம். அதனால்தான் பரிசோதித்துப் பார்த்த ஒரு அளவை அப்படியே, ஒரு உறுப்பையும் மாற்றாமல் பின்பற்ற வேண்டும் என்கிறார்கள். அழுத்தம், வேகம் இரண்டும் அச்சிடாத அட்டவணையைத் தான் திரும்பியும் பார்ப்பதில்லை என்றான்.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். "நான் அங்கே இங்கே இருந்து எடுத்துத் தொகுத்தது சேர், பொறுப்பெல்லாம் எடுக்க ஏலாது" என்றார். சரி, காசைத் திருப்பித் தாருங்கள், மற்றவர்களுக்கு விற்பதையாவது நிறுத்துங்கள் என்றேன். வைத்துவிட்டார். அப்புறம் என் அழைப்பை எடுக்கவே இல்லை. பற்றுச்சீட்டு வாங்காமல் விட்டது என் தவறு. இருந்தாலும் வங்கிப் பதிவை வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடப் போகிறேன்.

என்னை இன்னும் வருத்துவது, இந்த விவரம் இலவசமாகவே கிடைக்கிறது என்பதுதான். ஹொட்ஜ்டன், அலையன்ட் போன்ற மருந்துக் கம்பனிகள் தங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்த அளவுகளைத் தாங்களே வெளியிடுகின்றன. கோது, பிரைமர், வாட், சன்ன எடை, அழுத்தம், வேகம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் உறவினர் நிரப்புகிறவர் என்றால் அங்கிருந்தே எடுக்கட்டும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். இங்கே துவக்கு வைத்திருக்கவே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் வேண்டும், வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு 12 போர் வைத்திருக்கும் விவசாயிகள் கைக்கும் இந்தப் புத்தகம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீல அட்டை, சுருள் கம்பி, பதிப்பாளர் பெயரோ ஆண்டோ கிடையாது. டிராமுக்குப் பக்கத்தில் கிரெயின் என்று ஒரு பத்தி, அதில் 82 என்ற எண் இருக்கும். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் உடனே போன் எடுத்துச் சொல்லுங்கள்.