எலும்பு நட்டா, டெஃப்லான் கலந்த நட்டா? சுருதி நிற்க எது உதவும்

கிட்டாரில் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி (பெண்ட் செய்து) விட்டால் ஜி கம்பியின் சுருதி இறங்கி நிற்கிறது. கம்பிகளைத் தளர்த்தும் ட்ரெமலோக் கைப்பிடியை அழுத்தி விட்டால் அதே கம்பி ஏறி நிற்கிறது. தலையிலுள்ள முறுக்காணியை, அதாவது ட்யூனரை, திருகும்போது சற்று நேரம் எதுவும் நடக்காமல், பிறகு 'டிங்' என்ற சத்தத்தோடு சுருதி ஒரேயடியாகத் தாவுகிறது. இவை எல்லாம் உங்கள் கிட்டாரில் இருந்தால் ட்யூனரைத் திட்டுவதை நிறுத்தலாம். கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டைதான் நட். கம்பி அந்த நட்டில் சிக்குகிறது.

பெண்ட் செய்யும்போது ட்யூனர் பக்கமிருந்து ஒரு துளிக் கம்பி நட்டைத் தாண்டி விரல் பக்கம் வருகிறது. விட்டதும் அது திரும்பிப் போக வேண்டும். நட்டில் கம்பி உட்காரும் பள்ளம், அதாவது ஸ்லாட், இறுக்கமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் போகாது. கம்பி அந்த அளவுக்குத் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ட்ரெமலோவில் நடப்பது இதற்கு நேர் எதிர். லாக்கிங் ட்யூனர் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ட்யூனர் தண்டில் சுற்றிய கம்பி நழுவுவதைத் தடுக்கும், கம்பி மாற்றும் வேலையையும் எளிதாக்கும். ஸ்லாட்டில் சிக்கும் கம்பிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

என் கிட்டாரில் முதலில் இருந்தது சாதாரண பிளாஸ்டிக் நட். அதை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கை நட் போட்டேன். என்னிடமுள்ள இன்னொரு கிட்டாரில் எலும்பு நட் இருக்கிறது. ஆகவே இந்த இரண்டைப் பற்றித்தான் கொஞ்சம் தைரியமாகப் பேச முடியும். டெஃப்லான் கலந்ததன் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பித்தளை நட் எழுபதுகளில் பெரிய மோகமாக இருந்தது. நன்றாக உழைக்கும், ஆனால் அராவுவது சிரமம். வழுக்கலுக்காக அதைத் தேட வேண்டியதில்லை. ஃபெண்டரின் ஜெஃப் பெக் மாடலில் வருவது போன்ற ரோலர் நட்டில் கம்பி சிறு எஃகுக் குண்டுகளின் மேல் உட்காரும். பிறர் கிட்டாரில் கொஞ்சம் வாசித்ததோடு சரி. அப்போது சுருதி நன்றாகவே நின்றது. வருடக்கணக்கில் எப்படி இருக்கும் என்பதை வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். ஃப்ளாய்ட் ரோஸ் வகை லாக்கிங் நட் கம்பியை அந்த இடத்திலேயே கவ்விப் பிடித்துவிடுவதால் உராய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதற்கு உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் ஃபைன் ட்யூனர் வேண்டும், கழுத்து மரத்தைச் செதுக்க வேண்டும், கம்பி மாற்ற ஆலன் சாவி வேண்டும். செதுக்கிய மரம் திரும்ப வளராது.

ஒலியில் வித்தியாசம் இல்லையா என்றால், ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) விரல் வைத்துவிட்டால் கம்பி அந்த ஃப்ரெட்டிலிருந்துதான் அதிர்கிறது. நட்டின் குரல் கேட்பது திறந்த கம்பிகளில் மட்டும்தான். எலும்பில் திறந்த கம்பி கொஞ்சம் கணீரென்று ஒலிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் பந்தயம் கட்ட மாட்டேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எலும்பு கெட்டியானது, சீக்கிரம் தேயாது, பளபளவென்று மெருகேற்றலாம். ஆனால் அது தானாக வழுக்காது. ஒவ்வொரு முறை கம்பி மாற்றும்போதும் ஸ்லாட்டில் பென்சில் கரியைத் தேய்க்க வேண்டும், அல்லது கடையில் கிடைக்கும் நட் மசகை ஒரு ஊசி முனையளவு வைக்க வேண்டும். செய்த புதிதில் அருமையாக இருக்கும். அப்புறம் கரி மெல்ல வெளியேறும், கையின் வியர்வையும் தூசியும் உள்ளே சேரும், ஜி கம்பி மறுபடி பழைய வேலையைக் காட்டும். ஒழுங்காகக் கவனிப்பவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. என்னைப் போல் கம்பியை மாற்றியதும் வாசிக்க உட்கார்ந்துவிடும் ஆளுக்கு எலும்பு சரிப்படாது.

டெஃப்லான் கலந்த நட்டில் மசகு மேல்பூச்சாக இல்லை, பொருள் முழுக்கக் கலந்திருக்கிறது. ஸ்லாட்டை இன்னும் கொஞ்சம் அராவினாலும் உள்ளிருந்து வருவது அதே வழுக்கலான பொருள்தான். போட்ட பிறகு அதில் நான் எதையும் தேய்த்ததில்லை. 'டிங்' சத்தமும் கேட்கவில்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் டஸ்க், டஸ்க் எக்ஸ்எல் என்று இரண்டு விற்கிறது. டெஃப்லான் இருப்பது எக்ஸ்எல்லில் மட்டும். எக்ஸ்எல் கறுப்பிலும் வெள்ளையிலும் வருவதால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, பெயரைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடியில் ஒன்று இருக்கிறது: ஸ்லாட்டின் வடிவம். மோசமாக வெட்டிய ஸ்லாட்டை எந்தப் பொருளும் காப்பாற்றாது. ஸ்லாட் கம்பியைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அகலமாக இருக்க வேண்டும். அடிப்பாகம் வட்டமாக இருக்க வேண்டும். ஃப்ரெட் பலகைப் பக்க விளிம்புதான் உயரமாக இருந்து, அங்கிருந்து ட்யூனரை நோக்கிச் சரிய வேண்டும். கிப்சன் வகைத் தலையில் சிக்கல் கூடுதல். தலை பின்னால் 17 டிகிரி வரை சாய்ந்திருக்கும்; டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டிலும் நன்றாகத் திரும்பும். அதனால்தான் அந்த வகையில் ஜி முதலில் மக்கர் பண்ணுகிறது. அங்கே ஸ்லாட்டின் பின்பாதியை ட்யூனர் இருக்கும் திசைக்கு லேசாகத் திருப்பி அராவினால் பாதி வலி தீரும். வழுக்கலான பொருள் இந்த வேலையில் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும், எலும்பு அவ்வளவு பொறுக்காது. அரம் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் ஸ்லாட் வெட்டியே வரும் செயற்கை நட்டை வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டியே வந்தாலும் அப்படியே ஒட்டிவிட முடியாது. பெரும்பாலும் உயரம் அதிகமாக இருக்கும், அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்க வேண்டும். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளி தெரிந்தால் போதும். இடைவெளியே இல்லையென்றால் திறந்த கம்பி இரையும். அதிகமிருந்தால் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் ஸ்வரம் ஏறி ஒலிக்கும், அதையும் நாம் சுருதிக் கோளாறு என்றே நினைத்துக்கொள்வோம். பழைய நட்டை எடுக்கும் முன் அதைச் சுற்றியுள்ள வார்னிஷைக் கத்தி முனையால் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் தலையின் வார்னிஷும் சேர்ந்து பெயரும். புதிதை ஒட்ட ஒரு துளிப் பசை போதும். கம்பியின் இழுவையே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

எலும்பு ஜெயிக்கும் இடமும் உண்டு. ஸ்லாட் ஆழமாகிவிட்டால் எலும்புத் தூளையும் சூப்பர் க்ளூவையும் சேர்த்து அடைத்து மறுபடி வெட்டலாம். டெஃப்லான் கலந்ததில் இந்த ஒட்டுவேலையை நான் நம்ப மாட்டேன், புதிது வாங்கிப் போட்டுவிடுவேன். 10 தடிமன் கம்பி செட்டிலிருந்து 11க்குப் போனால் இரண்டிலுமே ஸ்லாட்டைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் முடிந்தது. 11லிருந்து 9க்கு இறங்கினால் ஸ்லாட்டுக்குள் கம்பி ஆடும். அடிக்கடி கம்பித் தடிமனை மாற்றிப் பார்ப்பவர், கூடவே நட் அரங்களும் வைத்திருப்பவர் என்றால் எலும்புதான் வாங்க வேண்டும். ஒரே செட்டில் நிலைத்துவிட்டவருக்கு எலும்பைப் பரிந்துரைக்க என்னிடம் காரணம் இல்லை.