7.30-உம் 7.50-உம் கூட்டினால் எவ்வளவு? ஷிப்ட் நேரக் கணக்கின் மூன்று வழிகள்

நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் ஆறு நாள் வேலைநேரம், இடைவேளை போக, இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்: திங்கள் 7 மணி 30 நிமிடம், செவ்வாய் 7-50, புதன் 7-30, வியாழன் 8-15, வெள்ளி 7-45. சனிக்கிழமை இரவு 10 மணிக்கு உள்ளே வந்தவர் மறுநாள் காலை 8.10-க்கு வெளியேறுகிறார், அரைமணி ஓய்வைக் கழித்தால் 9-40.

பதிவேட்டில் புள்ளி வைத்து எழுதி, கால்குலேட்டரில் அப்படியே கூட்டுவதுதான் பலரும் பழகிய வழி. விடை 47.10 என வரும். உண்மையான மொத்தமோ 48 மணி 30 நிமிடம். அறுபதை நூறாகக் கொண்ட அந்தப் பிழையால், 48 மணி நேர வரம்பைத் தாண்டிய வாரம் தாண்டாததுபோல் தோன்றி, ஓவர்டைம் கண்ணில் படாமலே போகிறது. நிமிடத்தை 60-ஆல் வகுத்து 7.50, 7.83 என்று தசமமாக்கிய பிறகு கூட்டினால் 48.50 என்ற சரியான விடை கிடைக்கும்; கூலி விகிதத்தோடு பெருக்கவும் இதுவே வசதி. ஆனால் 7.50 என்பது ஏழரை மணியா, 7 மணி 50 நிமிடமா என்ற குழப்பம் ஏட்டைப் புரட்டுகிற ஒவ்வொருவருக்கும் வரும்.

எக்செல் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. தன் பங்குக்கு வேறு இரண்டைக் கொண்டுவருகிறது. ஒரு நாளை 1 என்றும் நேரத்தை அதன் பின்னமாகவும் அது வைத்திருப்பதால், இரவு 10-இலிருந்து காலை 8.10 வரையிலான கழித்தல் எதிர்மறையாகி, கட்டம் முழுவதும் '#' குறிகளாக நிரம்பும். முடிவு நேரம் சிறியதாக இருந்தால் 1 கூட்டும்படி சூத்திரம் எழுத வேண்டும். அதைவிட ஆபத்தானது மொத்தம்: சாதாரண நேர வடிவில் 48-30 என்பது 0:30 என்றே தெரியும், ஏனெனில் ஒவ்வொரு 24 மணியையும் அது முழு நாளாக ஒதுக்கிவிடுகிறது. நேர வடிவில் மணிக்குறியீட்டைச் சதுர அடைப்புக்குள், அதாவது [h]:mm என, இட்டால்தான் முழு மொத்தம் வெளிவரும்.

எல்லாவற்றையும் நிமிடமாக மாற்றுவது மெதுவான வேலைதான். ஆயினும் 450, 470, 450, 495, 465, 580 எனக் கூட்டி 2910 பெற்று, 48 மணிக்குரிய 2880-ஐக் கழிக்கும்போது எழும் 30-இல் ஐயத்துக்கு இடமில்லை. நூறு பேருக்கு எக்செல், ஒருவர் தம் கூலியைத் தாமே சரிபார்க்க நிமிடக் கணக்கு என்பதே என் தேர்வு.

எந்த வழியானாலும் வார மொத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, வாரத்துக்கு 48 மணியை மட்டுமன்றி, நாளொன்றுக்கு 9 மணியைத் தாண்டினாலும் இரட்டைக் கூலி என்று வகுத்தது. நள்ளிரவைக் கடந்த நேரத்தை முந்தைய நாளோடு சேர்க்கச் சொன்னது 57-ஆம் பிரிவு. அதன்படி ஞாயிறு காலை 8.10 வரையிலான உழைப்பும் சனிக்கிழமைக்கே உரியது. வார மொத்தம் 30 நிமிட ஓவர்டைம் காட்டுகிற இடத்தில், அந்த ஒரு நாளின் 580 நிமிடம், 9 மணிக்குரிய 540 போக, 40 காட்டுகிறது.