சிஎச்மோட் 755-ஆ, பெரிய எக்ஸா, ஃபைண்டா?

ரங்கூன்ல கோயில் திருவிழா போட்டோ, தமிழ் வகுப்பு புத்தக ஸ்கேன் எல்லாத்தையும் உபுண்டு லினக்ஸ் ஓடுற ஒரு பழைய கம்ப்யூட்டர்ல போட்டு நாலஞ்சு பேர் யூஸ் பண்றோம்னு வைங்க, யாராவது ஒருத்தர் சூடோ போட்டு, அதாவது ரூட்டுங்கற அட்மின் அதிகாரத்துல, காப்பி பண்ணிருவார், ஃபைலுக்கு ரூட்டே ஓனர் ஆயிரும், அப்புறம் மத்தவங்க எடிட் பண்ணப் போனா பர்மிஷன் டினைட். ஓனரை மாத்தணும் (அதுக்கு சிஎச்ஓன், chown கமாண்ட்), பர்மிஷனையும் மாத்தணும் (அதுக்கு சிஎச்மோட், chmod), ரெண்டும் வேற வேற வேலைங்க.

ஓனர் விஷயத்துல போட்டியே இல்ல, சிஎச்ஓன் மைனஸ் பெரிய ஆர்தான், ஃபோல்டருக்குள்ள இருக்க எல்லாத்தையும் சேத்து மாத்திரும். அதை முதல்ல பண்ணிருங்க, ஏன்னா ஓனர் மாறும்போது புரோகிராம் ஃபைல்ல இருக்க செட்யூஐடி பிட்டை (யார் ஓட்டினாலும் ஓனர் அதிகாரத்துல ஓட வைக்கிற குறி) லினக்ஸ் எடுத்துரும். ஒரு ஸ்பேஸ் தப்பா விழுந்து ஸ்லாஷ் (மொத்த சிஸ்டத்தோட மேல் ஃபோல்டர், அதுக்கும் ரூட்டுன்னுதான் பேரு) மட்டும் தனியா நின்னுச்சுன்னா மொத்த சிஸ்டமும் காலி. ஃபைலை அழிக்கிற குனூ ஆர்எம் கமாண்ட் இந்த ரூட் ஃபோல்டரைத் தொடமாட்டேன்னு தானாவே நிக்கும், சிஎச்ஓனும் சிஎச்மோடும் நாமளா பிரிசர்வ்-ரூட் ஆப்ஷன் போட்டாதான் நிக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது.

பர்மிஷன்லதான் சண்டை. சிஎச்மோட் மைனஸ் பெரிய ஆர் 755 (ஓனர் படிக்க, எழுத, ஓட்டலாம், மத்தவங்க படிக்க, ஓட்டலாம்) போட்டா ஜேபெக், பிடிஎஃப் எல்லாம் ரன் பண்ற ஃபைலா ஆயிரும், அசிங்கம். எல்லாருக்கும் எல்லாத்தையும் தொறந்து விடுற 777-ஐப் பத்தி பேசவே வேணாம்.

எக்ஸ்னா எக்ஸிக்யூட், ஃபைலை ஓட்டுற, ஃபோல்டருக்குள்ள போற பர்மிஷன். சிஎச்மோட்ல சின்ன எக்ஸுக்குப் பதிலா போடுற பெரிய எக்ஸ் புத்திசாலி. ஃபோல்டருக்கும், ஏற்கனவே எக்ஸிக்யூட் இருக்க ஃபைலுக்கும் மட்டும்தான் எக்ஸ் குடுக்கும். ஒரே லைன், நடுவுல கரண்ட் போய்ட்டாலும் (ரங்கூன்ல போகாம இருக்குமா) திரும்ப ஓட்டினா அதே ரிசல்ட்தான். ஆனா முன்னாடியே யாரோ 777 அடிச்சு வெச்சிருந்தா இது ஏமாந்துரும், எல்லா ஃபைல்லயும் எக்ஸ் அப்படியே நிக்கும். சரி மொத்தமா எக்ஸைப் பிடுங்கிட்டு திரும்ப குடுப்போம்னு ரெண்டு தடவையா ஓட்டாதீங்க, ரூட் இல்லாத ஆளுக்கு ஃபோல்டருக்குள்ளயே போக முடியாது. பிடுங்கறதையும் குடுக்கறதையும் நடுவுல கமா போட்டு ஒரே கமாண்டுல குடுங்க.

ஃபைண்ட், அதாவது ஃபைல், ஃபோல்டரைத் தேடி சிஎச்மோட்கிட்ட குடுக்கற கமாண்ட், நீளம்தான், ரெண்டு லைன் அடிக்கணும், ஆனா ஃபோல்டர் வேற ஃபைல் வேறன்னு பிரிச்சே பாக்கும். ஃபைலுக்கு 664 (ஓனரும் குரூப்பும் படிக்க, எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும்), ஃபோல்டருக்கு 2775. முன்னாடி இருக்க அந்த 2 செட்ஜிஐடி, அது இருந்தா புதுசா வர்ற ஃபைலும் அதே குரூப்புக்குப் போகும், அவங்கவங்க உமாஸ்க் (புது ஃபைல்ல எந்த பர்மிஷனை எடுக்கணும்ங்கற செட்டிங்) 002-ஆ இருந்தா குரூப்ல யாரும் எழுதலாம். ஃபைண்ட் லைனோட கடைசில செமிகோலன் வேணாம், பிளஸ் போடுங்க, ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியா ஒரு சிஎச்மோட் கிளப்பாம மொத்தமா அள்ளிக் குடுக்கும், ஆயிரக்கணக்குல போட்டோ இருந்தா வித்தியாசம் நல்லாவே தெரியும். ஸ்கிரிப்ட் எதாவது உள்ள இருந்தா அதுக்கு மட்டும் கையால எக்ஸ் போட்டுக்கணும்.

என் ஓட்டு, பலபேர் எழுதுற ஃபோல்டருக்கு ஃபைண்ட், ஒருத்தர் மட்டும் எழுதுறதுக்கு பெரிய எக்ஸ்.