துருப்பிடித்த பழைய பிக்கப்: பட்டியா, புதுத் தகடா?

காசிமேட்டில் மீன் லோடு அடிக்கும் வண்டிக்குக் கடல் காற்று மட்டும் எதிரி இல்லை. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் தளத்தின் மடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கும். துரு அங்கிருந்துதான், உள்ளிருந்து வெளியே வருகிறது. அதன்மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கும் பசை) பூசிப் பெயின்ட் அடித்தால் மறுபடியும் கொப்பளிக்கத்தான் செய்யும். பட்டியே ஈரம் உறிஞ்சும். செலவு குறைவு, வண்டி சீக்கிரம் கைக்கு வரும், அவ்வளவுதான்.

அரித்ததை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது நிலைக்கும். பணமும் நாளும் கூடுதல். ஆனால் வெல்டிங் சூட்டில் பின்பக்கப் பெயின்ட் கருகிவிடும், அதை விட்டால் துரு திரும்பவும் அங்கேயே பிடிக்கும். டிங்கரிங் கடையில் முன்பக்கப் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். பின்பக்கம் ஜிங்க் பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), மடிப்புக்குள் மெழுகு ஸ்பிரே, அடைத்துக்கிடக்கும் வடிகால் துளைகளைத் திறப்பது, மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

சீக்கிரம் விற்கிற வண்டிக்குப் பட்டி போதும் (வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்). வைத்து ஓட்டுவதற்குத் தகடுதான். சேசிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) ஓட்டை என்றால் பட்டிப் பேச்சே வேண்டாம்.

அப்புறம், எதைச் செய்தாலும் லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள்.