‘ஓவர்ஹால் ஆகி 480 மணி நேரம்தான்’: பழைய செஸ்னா வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

2023 மார்ச்சில் நானும் நண்பர் ஒருவரும் ஆளுக்குப் பாதி போட்டு, டெக்சாஸில் ஒரு டீலரிடம் 1978ஆம் வருட செஸ்னா 172 விமானம் ஒன்றை 98,000 டாலருக்கு வாங்கினோம். அன்றைக்கு அதன் உண்மையான சந்தை மதிப்பு 66,000 டாலர். இது எங்களுக்குத் தெரிய வந்தபோது ஆறு மாதம் ஓடிவிட்டது. டீலர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்த 32,000 டாலர் எப்படிக் கைமாறியது என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பைலட் உரிமம் எடுத்துவிட்டு விமானம் தேடிக்கொண்டிருக்கும் தமிழர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். உலகத்திலேயே அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் 172தான், 44,000க்கும் மேல். ஆனால் 1986ல் செஸ்னா அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உற்பத்தியாளர் மேல் போடும் விபத்து வழக்குகளுக்குக் கால வரம்பு வைத்து 1994ல் சட்டம் வந்த பிறகு, 1996ல்தான் மறுபடி தொடங்கினார்கள். இன்று புதிதாக வாங்கினால் நான்கு லட்சம் டாலருக்கு மேல். அதனால் எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் பார்ப்பதெல்லாம் நாற்பது, ஐம்பது வயதான விமானங்கள். அந்த வயதில், ஒரே வருடம் ஒரே மாடலாக இருந்தாலும் இரண்டு விமானங்கள் ஒன்றாக இருக்காது. ஒன்று ஹேங்கருக்குள் வளர்ந்திருக்கும், இன்னொன்று மழையிலும் வெயிலிலும் கட்டிப்போடப்பட்டுக் கிடந்திருக்கும்.

சரி, சந்தை விலையை எங்கே போய்ப் பார்ப்பது? விமானம் கைமாறும்போது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்பும் விற்பனைப் பத்திரத்தில் ‘ஒரு டாலரும் பிற மதிப்புள்ள பொருளும்’ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கொடுத்த பணம் அதில் இருக்காது. விளம்பரங்களில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. அதனால்தான் வீ-ரெஃப், புளூபுக் போன்ற விலை வழிகாட்டிகளை எல்லோரும் பார்க்கிறார்கள். வங்கிகளும் கடன் கொடுக்க அவற்றைத்தான் பார்க்கின்றன. அந்த வழிகாட்டிகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, பெயின்ட் எப்படி, ரேடியோ என்ன, அடிபட்டதுண்டா என்று அவை கேட்கும். அந்தப் பதில்களை யார் நிரப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் நிரப்பியவர் டீலர்.

அவர் அச்சடித்துக் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடிப்படை விலை 86,000. என்ஜின் ஓவர்ஹாலுக்குப் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) பிறகு 480 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்பதற்காக 7,800 கூட்டல். கருவிகளுக்கு 7,500. பெயின்டுக்கும் உள் அலங்காரத்துக்கும் 2,700. ஆக மொத்தம் 104,000. “புத்தக விலையே இது, நான் 102,000தான் கேட்கிறேன்” என்றார். நாங்கள் பேசி 98,000க்குக் கொண்டுவந்தோம். புத்தக விலையில் ஆறாயிரம் டாலர் குறைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் இருந்தோம்.

அந்த 7,800ஐத்தான் முதலில் விளக்க வேண்டும். இந்த லைகாமிங் என்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம். விலைத் தாளில் வைத்த அடிப்படை விலை, என்ஜின் பாதி ஆயுளில், அதாவது 1,000 மணியில் இருக்கிறது என்ற கணக்கு. எங்களுடையது 480 என்பதால் 520 மணி நேரம் மிச்சம், மணிக்கு 15 டாலர் வீதம் 7,800. கணக்கில் பிழை கிடையாது. ஆனால் அந்தத் தாளில் எங்கேயும் ஓவர்ஹால் ஆன வருடம் இல்லை.

இதை முதலில் கேட்டது என் நண்பர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். “அண்ணா, மணி நேரம் போட்டிருக்கிறார்களே தவிர வருஷம் போடவில்லையே” என்றார். நான்தான், கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) அளவுகள் நன்றாக இருக்கின்றன, புதிதாக வருடாந்திர சோதனையும் முடித்துக் கொடுக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவரைச் சமாதானப்படுத்தினேன். ஓக்லஹோமாவிலிருந்து ஒருவர் சனிக்கிழமை பார்க்க வருகிறார் என்று டீலர் சொன்னதும் எங்களை அவசரப்படுத்தியது. அந்தக் கேள்வியை அன்று நான் தள்ளியது எனக்கு இன்னும் வலிக்கிறது, அதில் அவருடைய பணமும் இருந்தது.

ஓவர்ஹால் நடந்தது 1998ல். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கை வரிவரியாகப் படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முதல் ஆறு வருடங்களில் 410 மணி நேரம் பறந்திருக்கிறது. அடுத்த பதினைந்து வருடங்களில் வெறும் 38 மணி நேரம். அந்தப் பதினைந்து வருடமும் விமானம் இருந்த இடம் டெக்சாஸின் கடற்கரைப் பக்கம், அதுவும் திறந்தவெளியில். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீட்டின் ஜன்னல் கம்பி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். என்ஜினுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. லைகாமிங் என்ஜினில், வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட் மேல் பகுதியில், கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நிறுத்திவைத்தால் அதன் மேல் படிந்த எண்ணெய் கீழே வடிந்துவிடும். வெறும் இரும்பில் ஈரம் படிந்து துருப்புள்ளிகள் விழும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தப் புள்ளிகளிலிருந்து கேமும் அதோடு உரசும் டாப்பெட்டும் உரிய ஆரம்பிக்கும். மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்கள் என்று டீலர் பெருமையாகச் சொன்னார். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் எண்ணெயில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகும் அளவுக்குச் சூடு ஏறாது, புது ஈரம்தான் சேரும். இதனால்தான் லைகாமிங், 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஓவர்ஹால் என்று சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவர்களுக்கு அது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் விலை பேசும்போது அந்த 12 வருடத்தை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடலில் இருப்பது ஓ-320-எச்2ஏடி என்ற என்ஜின். கேம், டாப்பெட் தேய்மானத்துக்கு அது அந்தக் காலத்திலேயே பெயர் போனது. அதற்காகவே ஒரு சேர்மானத்தை எண்ணெயில் கலக்க வேண்டும், இல்லையென்றால் அது ஏற்கெனவே கலந்த எண்ணெயை ஊற்ற வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. ஆணையே இருக்கிறது. எங்கள் லாக்புக்கில் பல எண்ணெய் மாற்றங்களில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் நல்ல என்ஜின்தான் என்று அதை ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் பதினைந்து வருடம் கடற்கரையில் கிடந்த எச்2ஏடிக்கு ‘மணி நேரம் குறைவு’ என்று 7,800 டாலர் கூட்டிப் போடுவது என்ன நியாயம்?

வாங்குவதற்கு முன் சோதனை செய்தீர்களா என்று கேட்பீர்கள். செய்தோம். டீலர் “பக்கத்து ஹேங்கரிலேயே நல்ல ஆள் இருக்கிறார்” என்று சொன்ன மெக்கானிக்கிடம். 600 டாலர், இரண்டு மணி நேரம், ஒரு பக்க அறிக்கை. அந்த வருடாந்திர சோதனையில் கையெழுத்துப் போட்டவரும் அவரே என்று பிறகுதான் கவனித்தோம். தான் போன மாதம் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்ட விமானத்தில் அவர் எப்படிக் குறை கண்டுபிடிப்பார்? அறிக்கையில் கம்ப்ரஷன் 80க்கு 74, 75, 73, 75 என்று இருந்தது. அது பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் பற்றிச் சொல்லும் அளவு. கேம் தேய்ந்திருப்பதைக் காட்டாது.

ஆகஸ்டில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பின் சீட்டில் என் மகளும் மனைவியும் இருந்தார்கள். வெயில் நாள்தான், ஆனாலும் விமானம் ஏற வேண்டிய வேகத்தில் ஏறவில்லை. ஓடுபாதை முடியும் இடத்தில் மரங்கள் இருந்தன. அவற்றைத் தாண்டிவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இறங்கியதும், இனி என்ஜினைப் பார்க்காமல் யாரையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். வேறு ஊரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். அறுபது வயதுக்காரர், 172களிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். எண்ணெய் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, காந்தத்தை வைத்தார். மினுக்கும் துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. அலுமினியமாக இருந்தால் ஒட்டாது, இது எஃகு என்றார். இந்த என்ஜின் மாடலில் டாப்பெட்டை என்ஜினைப் பிளக்காமலே வெளியே எடுத்துப் பார்க்கலாம். அரை நாள் வேலைதான். முதல் டாப்பெட்டை எடுத்ததுமே, முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். மார்ச்சில் இந்த அரை நாள் வேலையை நடுநிலையான ஒருவரிடம் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர்தான் இன்னொரு காரியமும் செய்யச் சொன்னார். ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டினால், ஒரு விமானத்தின் முழுக் கோப்பும் கிடைக்கும். இதுவரை வைத்திருந்தவர்கள் யார், யாருக்காவது கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா, பெரிய பழுது பார்த்து 337 படிவம் கொடுத்திருக்கிறார்களா, எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தில் ‘அடிபட்டதாகத் தெரியவில்லை’ என்று போட்டிருந்தார்கள். 1994க்கு முந்தைய லாக்புக்குகள் தொலைந்துவிட்டன என்றும் டீலர் சாதாரணமாகச் சொல்லியிருந்தார். கோப்பில் 1993ஆம் ஆண்டு 337 படிவம் ஒன்று இருந்தது. என்ஜினுக்கும் உட்காரும் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வால் நெளிந்து மாற்றியிருக்கிறார்கள். 172ல் முன் சக்கரத்தின் கால் ஃபயர்வாலில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது, முன் சக்கரம் முதலில் மோதும்படி இறங்கினால் நெளிவது அதுதான். பழுது முறைப்படி நடந்திருக்கிறது, பறக்க ஆபத்தில்லை என்று மெக்கானிக் சொன்னார். ஆனால் அடிபட்ட வரலாறும் தொலைந்த லாக்புக்கும் விலையைக் குறைக்கும். டீலரின் தாளில் இரண்டுக்கும் கழித்தது பூஜ்யம்.

கருவிகளிலும் அப்படித்தான். ஜி.பி.எஸ். கார்மின் 430டபிள்யூ என்று போட்டு விலை சேர்த்திருந்தார்கள். உண்மையில் இருந்தது வெறும் 430. அந்தக் கடைசி எழுத்து இருந்தால்தான் செயற்கைக்கோள் திருத்தத்தை வைத்து, மேகத்துக்குள்ளிருந்து உயர வழிகாட்டலோடு தாழ இறங்கும் முறைகளைப் பயன்படுத்த முடியும். மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, லேபிளைப் பார்க்க வேண்டும்.

விற்பனையில் பங்கில்லாத ஒரு மதிப்பீட்டாளரிடம் கூலி கொடுத்து மறுபடி கணக்குப் போடச் சொன்னோம். அதே 86,000லிருந்துதான் அவரும் தொடங்கினார். என்ஜினுக்கு இனி ஆயுள் இல்லை என்று 15,000 கழித்தார். அடிபட்டதற்கும் லாக்புக் இல்லாததற்கும் 8,000 கழித்தார். கருவிகளுக்கு 3,000 மட்டும் கூட்டினார். பெயின்டுக்கு எதுவும் இல்லை. 66,000.

ஓவர்ஹாலுக்கு வந்த பில் 37,000. ஆக எங்கள் கையிலிருந்து போனது 135,000. ஆனால் ஓவர்ஹால் முடிந்த பின்னும் மதிப்பு 135,000 ஆகவில்லை. மணிக்கு 15 டாலர் வீதம் 2,000 மணி நேரத்துக்கு 30,000தான் ஏறும், ஆக 96,000 பக்கம். என்ஜினில் போடும் பணம் விலையில் முழுதாகத் திரும்பாது என்பதால்தான் ‘வாங்கிவிட்டு ஓவர்ஹால் செய்துகொள்ளலாம்’ என்று விற்பவர் சொன்னால் அந்தச் செலவை முழுசாகக் கழித்துத்தான் விலை பேச வேண்டும் என்கிறேன்.

டீலருக்குக் கடிதம் எழுதினோம். ‘உள்ளது உள்ளபடியே விற்றது’ என்ற ஒப்பந்த வரியை மஞ்சள் கோடிட்டு அனுப்பினார். வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். கேஸ் போடலாம், ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிப்பது சிரமம், செலவும் கிடைக்கும் பணமும் சரியாகப் போய்விடும் என்றார். விட்டுவிட்டோம்.

நண்பர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. இருவரும் இப்போது அதே விமானத்தில், புது கேம்ஷாஃப்டோடு, வாரம் தவறாமல் பறக்கிறோம்.

போன வாரம் அதே டீலரின் விளம்பரம் கண்ணில் பட்டது. 1979ஆம் வருட 172, ஓவர்ஹாலுக்குப் பிறகு 390 மணி நேரம். நண்பர் போன் செய்து, எந்த வருடம் ஓவர்ஹால் ஆனது என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றாராம், இன்னும் சொல்லவில்லை. மத்திய டெக்சாஸ் பக்கம் யாராவது அந்த விமானத்தைப் பார்க்கப் போவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு எழுதுங்கள். லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து புகைப்படம் எடுத்து அனுப்பினால் போதும், நாங்கள் இருவரும் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.