போர் தண்ணீர் மெலிந்தால்: மோட்டாரைத் தூக்குவதா, கம்பிரசருக்கு மாறுவதா?

மாசி வரை அரை மணியில் நிரம்பிய மாடித் தொட்டி, சித்திரையில் ஒன்றரை மணி நேரம் ஓடியும் பாதியைத் தாண்டவில்லை. பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டுக் கதை இது. "தூக்கிப் பார்த்திடலாம்ணா" என்றார் மோட்டார் மெக்கானிக். பக்கத்துத் தோட்டத்து மாமாவோ, "சப்மெர்சிபிளைத் தூக்கிப் போட்டுட்டு கம்பிரசர் மாட்டு, காஞ்சு ஓடினாலும் காயில் போகாது" என்றார். (சப்மெர்சிபிள் போருக்குள் தண்ணீரில் தொங்கும் மோட்டார். கம்பிரசர் மேலே இருந்து காற்றை உள்ளே அடித்துத் தண்ணீரைக் கொண்டுவருவது. காயில் என்பது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று.)

இரண்டுக்கும் முன்னால் ஒரு 20 லிட்டர் பக்கெட்டை எடுத்தேன். போர் வாயிலேயே தண்ணீரைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். போட்டவுடன் ஒரு முறை, கால் மணி கழித்து ஒரு முறை. முதலில் தடிமனாக வந்து, பிறகு மெலிந்து, காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் பாறைக்குள் ஊற்று குறைந்திருக்கிறது. தொடக்கம் முதலே ஒரே மாதிரி மெலிவாக வந்தால் சந்தேகம் வேறு பக்கம் போகும்: குழாயில் ஓட்டை, தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), வோல்டேஜ் குறைவு. சுவிட்ச் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீர் வருகிறதென்றால், நிறுத்தியதும் குழாய்த் தண்ணீர் கீழே வடிந்துவிடுகிறது. தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வும் காரணமாக இருக்கலாம், ஓட்டையும் காரணமாக இருக்கலாம்.

எங்களுக்கு இரண்டு முறையும் 70 விநாடி. அப்புறம் கேசிங் (போரின் வெளிக்குழாய்) வாயில் காதை வைத்தேன். மோட்டார் போடும் முன் சத்தமே இல்லை. போட்டதும் உள்ளே சோவென்று மழை. (மேல் ஊற்று விழும் போரில் மோட்டார் ஓடாமலே சத்தம் கேட்கும். அதனால் முதலில் நிறுத்தி வைத்துக் கேட்பது முக்கியம்.) தூக்கியபோது எட்டாவது லெந்த் (ஒரு துண்டுக் குழாய்) கப்ளிங்கில், அதாவது குழாய்கள் சேரும் இணைப்பில், நகக்கீறல் அளவு வெடிப்பு. கம்பிரசருக்கு மாறியிருந்தால் நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டிருப்போம்.

ஊற்றே குறைந்த வீட்டுக்குத்தான் உண்மையில் இந்தப் போட்டி. அங்கே மூன்றாவது யோசனை ஒன்றும் வரும்: "இன்னும் நாலு லெந்த் இறக்கு." கீழே தண்ணீர் நின்றால் பலன் உண்டு. ஆனால் மோட்டாரை இறக்கியதால் மட்டும் தண்ணீர் வரும் வேகம் அதிகமாகாது. பம்பு தள்ள வேண்டிய உயரத்தை முடிவு செய்வது மோட்டார் தொங்கும் ஆழமல்ல, தண்ணீர் நிற்கும் மட்டம். மட்டம் இறங்க இறங்க அதே பம்பு குறைவாகத்தான் தள்ளும். மட்டம் 10 மீட்டர் இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடுதலாக வேண்டும்.

கம்பிரசரில் சுழலும் பாகம் எதுவும் போருக்குள் இல்லை. காற்று உள்ளே போகிறது, நுரையோடு தண்ணீர் மேலே வருகிறது. மண் கலங்கி வரும் போருக்கும், விட்டு விட்டு ஊறும் போருக்கும் அது தாங்கும். மாமா சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் காற்றுக் குழாயின் நுனி தண்ணீருக்குள் ஆழமாக முங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் காற்றுதான். பாறை தராத தண்ணீரை அதுவும் தராது. அதே தண்ணீருக்குக் கரண்டும் அதிகம் இழுக்கும். தோட்டத்தில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம், மாமாவுக்குக் கவலையில்லை. வீட்டு மீட்டரில் அந்தக் கணக்கு எடுபடாது. சத்தம், பெல்ட், ஆயில் வேறு. மாடிக்கு நேராக ஏற்றுவதும் சிரமம். தரைத் தொட்டி கட்டி இன்னொரு மோட்டார் வைக்க வேண்டிவரும்.

ஊற்று குறைந்த போரிலும் என் ஓட்டு சப்மெர்சிபிளுக்கே. வெளிக்குழாயில் ஓட்டத்தைக் குறைக்கத் திருகும் கேட் வால்வைக் கொஞ்சம் மூடி, ஊறும் அளவுக்கு இழுக்க விட்டு, டைமரும் வறண்டால் நிறுத்தும் கருவியும் பேனலில் (மோட்டார் சுவிட்ச் பெட்டியில்) சேர்த்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஊற்று அதற்கும் எட்டாமல், மண்ணும் வந்து அடிக்கடி காயில் எரிகிற வீட்டுக்கு மட்டும் கம்பிரசர். ஆழத்துக்கு ஆசைப்பட்டு புது போர் போடுவதை நான் யோசிக்கவே இல்லை. புளோரைடு பிரச்சினை உள்ள ஊர்ப்பக்கம் இது. குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்தான், போர் தண்ணீர் புழங்க மட்டும்.

மோட்டாரை எதற்காகத் தூக்கினாலும், அந்தக் கூலியிலேயே வால்வையும் கேபிள் ஜாயின்ட்டையும் மாற்றிவிடுங்கள். எத்தனை லெந்த் இறக்கியது, எந்தத் தேதி என்று பேனலுக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். எங்கள் சுவரில் அது இல்லாததால், எத்தனை லெந்த் என்று தெரியாமல் குழாயை எண்ணிக்கொண்டே தூக்கினோம்.